தலைவர் காப்பாற்றிய மரம்

பேனரில் சிறப்பு விருந்தினர் நவோமி ஜெப்தூவைத் தேட வேண்டியிருந்தது. இருந்தார். வலது கீழ்மூலையில், பிரியாணி உபயம் செய்த உணவகத்தின் சின்னத்துக்கும் ‘அனைவரும் வருக’வுக்கும் நடுவில், பாஸ்போர்ட் அளவில் ஒண்டிக்கொண்டிருந்தார். மீதி இடம் முழுவதையும் அமீரகப் பசுமைத் தமிழர் பேரவையின் தலைவர் ‘மரகதச் செம்மல்’ சீதாராமன் மூன்று கோலத்தில் நிரப்பியிருந்தார். ஒன்றில் கோட்டு சூட்டு. ஒன்றில் பட்டு வேட்டி. மூன்றாவதில் கையில் மண்வெட்டி. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அதன் கழுத்தில் அப்படியே இருந்தது.

“ஏங்க, அவங்க கென்யாவுலேர்ந்து வந்திருக்காங்க. அவங்க முகத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாமே?” என்று கேட்டுப் பார்த்தாள் ஜெயபாரதி.

“அவங்க உலகத்துக்கே தெரிஞ்சவங்க பாரதி. தெரிஞ்ச முகத்தை எதுக்குப் பெருசு பண்ணணும்? என் முகம்தான் இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கு.”

இருபது வருஷமாக இந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் ஜெயபாரதி. அது போய்ச் சேராத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிய தகவல்.

பேரவை ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு மரம் நடும். நடும் என்றால், நினைத்த இடத்தில் தோண்ட இது மாமனார் வீட்டுக் கொல்லை இல்லை, எதற்கும் நகராட்சி அனுமதி வேண்டும். ஆகவே மரத்தைத் தொட்டியோடு மேடையில் வைத்து, சிறப்பு விருந்தினர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்க, படம் எடுப்பார்கள். சாயங்காலமே தொட்டி நர்சரிக்குத் திரும்பிவிடும். வாடகைத் தொட்டி. ஒரே வேம்பு மூன்று வருஷம் நடப்பட்டிருக்கிறது. மூன்றாம் வருஷம் மேடையேறக் கூச்சப்பட்டு அதுவே இலையை உதிர்த்துக்கொண்டது.

மண்ணில் நிற்கிற மரம் ஒன்று உண்டு. அதுதான் ஜெயபாரதியின் வயிற்றில் நாலு நாளாகக் கல்லாகக் கிடந்தது.

முவைலாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மணல் மனை. நடுவில் ஒரு காஃப் மரம். நம்மூரில் வன்னி என்போம், சிவன் கோயிலில் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ஆகஸ்ட் மாத வெயிலில் கார்க் கதவின் பிடியே கையைப் பொசுக்கும்போதும் அது பாட்டுக்குப் பச்சையாக நிற்கும். ஜெயபாரதி அல் குசைஸில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு வருகிறவள், வீட்டுக்குப் போகுமுன் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாள். அவள் வாழ்க்கையில் யாரும் சொற்பொழிவாற்றாத இடம் அது ஒன்றுதான்.

அந்த மரத்துக்குத்தான் ஆபத்து. கொண்டுவந்தவர் மரகதச் செம்மல். புதிதாக வாங்கிய வெள்ளைக் காரின்மேல் மைனாக்கள் அன்றாடம் தங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போயின. செம்மல் நேரே கட்டட உரிமையாளர் ஈசாவிடம் போனார். மனையைக் கூரை போட்ட பார்க்கிங் ஆக்கலாமே என்றார். ஈசா எமிராத்திப் பெரியவர். நாற்பது வருஷமாக இந்தியர்களுக்கு வாடகைக்கு விட்டு விட்டு நல்ல ஹிந்தி பேசுவார். “எங்கப்பா ஒட்டகம் கட்டின மரம். எனக்கு ஒண்ணும் தொந்தரவில்லை. ஆனா குடியிருக்கிறவங்க வேண்டாம்னா நகராட்சியில கேட்டு வேற இடத்துக்குப் பெயர்த்து வைக்கிறேன். நீதானே இவங்க தலைவர்? திங்கட்கிழமை ஒரே வார்த்தை சொல்லு. கலாஸ், விஷயம் முடிஞ்சது” என்றுவிட்டார்.

வேர் பாதாளம் வரை போகிற கிழட்டு வன்னியைப் பெயர்த்து வைப்பது என்றால், மரியாதையான பாஷையில் கொல்வது. ஜெயபாரதி கெஞ்சினாள், வாதாடினாள், ஒரு வேளை சமையல்கூடச் செய்யாமல் இருந்து பார்த்தாள். “உணர்ச்சிவசப்படாதே பாரதி. பசுமைங்கிறது ஒரு சிந்தனை. அதுக்கு மரம் கட்டாயமில்லை” என்றார் செம்மல்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விழா இன்றைக்கு. ஒரே வார்த்தை நாளைக்கு.

ஜெப்தூ ரோலாவில், பணம் அனுப்பும் கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கியிருந்தார். சுற்றுச்சூழல் மாநாட்டுக்காரர்கள் அபுதாபியில் கொடுத்த அறையில் ஜன்னல் திறக்காதாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அறுபதைத் தாண்டிய நெடிய உருவம். தலையில் மஞ்சளும் கறுப்புமாகத் துணி. காலில் ஓட்டப்பந்தய ஷூ. பெண் விருந்தினரைப் பெண்தான் அழைத்துவர வேண்டும் என்பது பேரவை மரபாதலால், மகளிர் அணிச் செயலாளர் ஜெயபாரதி காரோடு போயிருந்தாள்.

“போன்ல பேசினது நீதானா? குரலுக்கேத்த ஆள். ரெண்டுமே உள்ளடங்கி இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னபடி ஏறி உட்கார்ந்தார் ஜெப்தூ. “கேம்ப்ல இருக்கிற தொழிலாளிங்க வந்தாத்தான் நான் வருவேன்னு சொன்னேனே, வர்றாங்களா?”

“ரெண்டு பஸ் வருது மேடம். பிரியாணின்னு சொல்லியிருக்கோம்.”

“நல்ல கொள்கை. நானும் அதுக்குத்தான் வர்றேன்.”

துபாய்ப் பக்கம் போகிற சாலை வழக்கம்போல் நகராமல் நின்றது. முன்னால் பின்னால் எல்லாம் வண்டி. ஜெப்தூ ஜன்னலை இறக்கி வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டார்: “உன் வீட்டுக்காரர் பெரிய மரப்பைத்தியமோ?”

நாலு நாள் கல் அங்கேயே உடைந்தது. மரம், மைனா, வெள்ளைக் கார், ஈசா, திங்கட்கிழமை என்று ஜெயபாரதி மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். சொல்லி முடித்து, விருந்தினரிடம் வீட்டு அழுக்கை விரித்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்தாள்.

“இரு, இரு. நீ அனுப்பின பேனர்ல மூணு பேரா நிக்கிறாரே, அவரா?”

“அவரேதான்.”

“மூணு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தாங்களா?”

ஜெயபாரதி சிரித்துவிட்டாள். ஜெப்தூ டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து வண்டியில் இருந்த பட்டாணியர் காரணம் தெரியாமலே தானும் சிரித்தார்.

“எங்க ஊர் ஏரிக்கரையில ஒரு பெரிய அத்தி இருந்துச்சு” என்று ஆரம்பித்தார் ஜெப்தூ. “அப்போ நான் பள்ளிக்கூடத்துல சமையல்காரி. ரோடு போட அதை வெட்டணும்னு அதிகாரி வந்தான். நான் மரத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவன் முகத்துக்கு நேரா உண்மையை எல்லாம் சொன்னேன். திருடன்னேன், மடையன்னேன். அடிச்சு ஜீப்புல போட்டான். ஜெயில்லேர்ந்து வந்து பார்த்தா, அத்தி இருந்த இடத்துல அடிக்கட்டை. ரோடு கூட அந்தப் பக்கம் போகலை.”

“அப்புறம்?”

“அடுத்த வருஷம் அதே அதிகாரி வேற மரத்துக்கு வந்தான். இந்தத் தடவை நான் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு, மேளம், மாலையோட எதிர்ல போனேன். ‘மரத்தைக் காப்பாத்த வந்த ஐயா வாழ்க’ன்னேன். டிரைவர் கையில இருந்த கோடரியை அவன் யாரோ ஒருத்தனோட கோடரி மாதிரி பார்த்தான் பாரு! அரை மணி நேரம் மரத்தோட பெருமையைப் பேசினான். அந்த மரத்துக்கு அவன் பேரையே வச்சோம். இன்னைக்கும் அதுல ஒரு கிளையை ஒடிச்சா அவனுக்கு ஜுரம் வரும். இப்போ எங்ககிட்ட ஆளுநர் மரம் இருக்கு, எம்.பி. மரம் இருக்கு, பிஷப் மரம் இருக்கு. ஒரு தோப்பு முழுக்க அயோக்கியனுங்க பேரு.”

“அது பொய் இல்லையா மேடம்?”

“சுத்தப் பொய். மரம் மட்டும்தான் நிஜம்.” ஜெப்தூ திரும்பி அவளைப் பார்த்தார். “அதுல கஷ்டம் என்ன தெரியுமா? அடி வாங்கினது நான், கைத்தட்டல் வாங்குறது அவன். அந்த ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். உன் பல்லு எப்படி, கெட்டியா?”

ஜெயபாரதி பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அல் குசைஸ் உணவகத்தின் மாடி ஹால் நிரம்பி வழிந்தது. கேம்பிலிருந்து வந்தவர்கள் தலை வாரி, சட்டை இஸ்திரி போட்டு, பிரியாணி எந்த வாசல் வழியாக வரும் என்பதைக் கணித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள்.

முதல் பொன்னாடை தலைவருக்கு. இரண்டாவது தலைவரின் கம்பெனி மேலாளருக்கு. அப்புறம் துணைத் தலைவர், இணைத் துணைத் தலைவர், மைக் செட்டுக்காரர் என்று வரிசை இறங்கி, ஏழாவதாகச் சிறப்பு விருந்தினருக்கு வந்தது. போர்த்தியவர்கள் படத்துக்காக மீண்டும் மீண்டும் போர்த்தினார்கள். “ஏன், இங்க ரொம்பக் குளிருமா?” என்று ஜெப்தூ மெதுவாகக் கேட்டார்.

சீதாராமன் வரவேற்புரை ஆற்றினார். பிரியாணி வாசனை மாடியேறி வந்து, காத்திருந்து, சலித்து இறங்கிப் போயிற்று. அவர் இன்னும் தன் இளமைப் பருவத்தில் இருந்தார். கடைசியில் விருந்தினருக்கு வந்தார். “ஆப்பிரிக்கா என்னும் அந்த நாட்டில், ஒரு சீதாராமனாக விளங்குபவர் இந்த அம்மையார்!”

ஜெயபாரதிதான் மொழிபெயர்ப்பாளர். இந்த வாக்கியத்தை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை. ஒரு நாட்டோடு நல்லுறவு முக்கியம்.

பிறகு மரம் நடும் நிகழ்ச்சி. செயலாளர் சுரேஷ்குமார் தொட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். பச்சை ரிப்பன் கட்டிய கன்று. “அமீரகத்தின் தேசிய மரமாம் காஃப் மரக்கன்றை அம்மையார் இப்போது நடுவார்!” என்றார் தலைவர். ஜெப்தூ தண்ணீர் பாட்டிலோடு குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார். பாட்டிலைக் கீழே வைத்தார். ஒரு இலையைக் கிள்ளினார். முள்ளை விரலால் தொட்டார். இன்னொரு முள்ளையும் தொட்டார். அப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்து, பழைய பகையாளியைச் சம்பந்தி வீட்டு விருந்தில் கண்டவர் போல ஒரு சத்தம் போட்டார்.

“நீயா!”

ஹால் நிமிர்ந்தது. ஜெப்தூ மைக்கைப் பிடுங்கினார். அவர் ஆங்கிலத்தில் பொழியப் பொழிய ஜெயபாரதி தமிழில் துரத்தினாள்.

“இது உங்க காஃப் இல்லை! அதோட பங்காளி! எங்க ஏரிக்கரையில இதைக் கொண்டுவந்து வச்சாங்க, பாலைவனம் பச்சையாகும்னு சொன்னாங்க. பச்சையாத்தான் ஆச்சு! புல்லைத் தின்னுச்சு, வழியைத் தின்னுச்சு, ஏரிக்கரையைத் தின்னுச்சு. இதோட காயைத் தின்ன ஆட்டுக்கெல்லாம் பல்லு போச்சு. என் பாதி ஆயுசு இதை வெட்டிப் போடுறதுலயே போச்சு. பிளேன் ஏறி இங்க வந்தா, இது எனக்கு முன்னாடி வந்து ரிப்பன் கட்டிக்கிட்டு மேடையில உட்கார்ந்திருக்கு!”

நாலாம் வரிசையில் தியாகு எழுந்தே விட்டான். முதுகுளத்தூர்க்காரன், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற ஸ்கஃபோல்டிங் வேலை. “அண்ணே! சீமைக்கருவேலம்ணே!”

அவ்வளவுதான். ஹால் வெடித்தது.

“அட ஆமடா, கருவைடா!”

“நாசமாப் போறது, இங்கயும் வந்துருச்சா!”

“கண்மாயை முழுங்கினது பத்தாம கடல் தாண்டி வந்திருக்கு பாரு!”

“டேய், ஏசாதடா. எங்கப்பன் கருவை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான்டா எனக்கு விசா எடுத்தாரு!”

ஜெயபாரதி அதையும் ஜெப்தூவுக்குச் சொன்னாள். “நாங்களும் கரி போடுறோம்! அது ஒண்ணுதான் அதுக்குத் தெரிஞ்ச நல்ல காரியம்!” என்று ஜெப்தூ கத்த, அது தமிழில் போய்ச் சேர்ந்ததும் விசில் பறந்தது. கென்யாவுக்கும் முதுகுளத்தூருக்கும் ஒரே எதிரி என்று தெரிந்த மாத்திரத்தில் நூறு பேர் அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். கூட்டம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு முன்னால் வந்தது.

சீதாராமன் முகத்தில் இருந்த மரகதம் முழுக்க வடிந்துபோயிற்று. செயலாளரைப் பக்கத்தில் இழுத்தார். “யோவ், நர்சரியில வாங்கலையா நீ?”

“காஃப் தீர்ந்துபோச்சுன்னான் தலைவரே. நம்ம குடோன் பின்னாடி இது நின்னுச்சு. அதே இலை, அதே முள்ளு. ஆப்பிரிக்கா அம்மாவுக்கு எங்க தெரியப்போவுதுன்னு...” சுரேஷ்குமார் அம்பத்தூர்க்காரர். அவருக்குத் தெரிந்த மரங்கள் இரண்டு. ஒன்று கிறிஸ்துமஸ் மரம்.

தலைவரின் சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கை யாரும் அணைக்கவில்லை. உரையாடல் ஸ்பீக்கர் வழியாக ஹால் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

அப்போது எழுந்த சிரிப்பை ஜெயபாரதி வாழ்நாளில் கேட்டதில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, பட்டு வேட்டியில் ஆளே சுருங்கி நின்ற மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நாளைக்கு இந்த அவமானத்தை இவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார் என்ற பயம் அதற்குப் பின்னால் வந்தது. எங்கே இறக்குவார்? ஈசாவிடம். ஒரே வார்த்தையில்.

ஜெப்தூ கையை உயர்த்தினார். ஹால் அடங்கியது. அவர் அடுத்துப் பேசியதைக் கேட்டு ஜெயபாரதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டப்பந்தய ஷூ அவள் காலை லேசாக மிதித்தது. “சொல்லு.”

சொன்னாள். குரல் முதலில் உள்ளடங்கியும், போகப் போக வெளியேயும் வந்தது.

“சிரிக்காதீங்க. உங்க தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பொய் மரம் எப்படி இருக்கும்னு முதல்ல காட்டியிருக்கார். நிஜ மரத்தை இப்போ காட்டப்போறார். அவர் வீட்டுக்குப் பின்னாடி, அவரே காவல் காக்கிற காஃப் மரம். நம்ம எல்லாரையும் இப்பவே கூட்டிட்டுப் போகப் போறார்!”

சீதாராமன் மனைவியைப் பார்த்தார். ஜெப்தூவைப் பார்த்தார். தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பவனுக்கு யாரோ கயிறு போடுகிறார்கள், அது எந்த மரத்தில் கட்டிய கயிறு என்று அவன் ஆராய்ந்தால் பிழைக்க முடியுமா? பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். இன்னொருவன் தட்டினான். கைத்தட்டல் விழ விழ, வாடிய கீரையில் தண்ணீர் தெளித்த மாதிரி தலைவர் நிமிர்ந்தார்.

“ஆமாம்!” என்று முழங்கினார். “இதைத்தான் நான் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்!”

யல்லா, கிளம்பு! பிரியாணிப் பொட்டலங்கள் கைமாறிக் கைமாறிப் பஸ்ஸுக்குள் போயின. இரண்டு பஸ், ஏழெட்டுக் கார். முன்னால் வெள்ளைக் காரில் தலைவர். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் ஜன்னலிலிருந்து “அண்ணே, லெஃப்டா ரைட்டா?” என்று குரல். ஜெப்தூ காரில் வர மறுத்து, முதல் பஸ்ஸில் தியாகு பக்கத்தில் உட்கார்ந்து, பல் போன ஆடு எப்படி மெல்லும் என்று நடித்துக் காட்டிக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க அவர்களுக்கு யாரும் தேவைப்படவில்லை. காரை யாரிடமோ கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறியிருந்த ஜெயபாரதி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் அவளுக்கு இதுவரை தெரியாது.

முவைலாவில் இறங்கியதும் கட்டடத்தின் நாத்தூர் ராஜிக் ஓடி வந்தார். கீழக்கரைக்காரர், வாட்ச்மேன் வேலையைத் தூதரக வேலை போலப் பார்க்கிறவர். “மேடம், என்ன மேடம் இது? பக்கத்து மஜ்லிஸ் கூடத்துல நம்ம முதலாளி, ஈசா அர்பாப் உட்கார்ந்திருக்காரு! ரெண்டு பஸ்ஸு ஆளு இறங்கினா எதிரி நாட்டுப் படைன்னு நினைக்க மாட்டாரா?”

“பிரியாணி இருக்கு, சாப்பிடுங்க” என்றாள் ஜெயபாரதி.

வெயில் சாய்ந்து மணல் பொன்னாகிக் கிடந்தது. மரம் தன்பாட்டுக்கு நின்றது. கிளைகளெல்லாம் தரையை நோக்கித் தொங்க, உள்ளே மைனாக்கள் பஞ்சாயத்து நடத்தின. ஜெப்தூ நேரே போய் உள்ளங்கையைத் தண்டில் வைத்தார். பிறகு தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார்.

அடுத்து நடந்தது யாரும் திட்டமிட்டதல்ல. துணி கட்டின மரத்தைக் கண்டால் தமிழன் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். தியாகு கழற்றினான். பக்கத்தில் இருந்தவன் கழற்றினான். நூறு ஜோடிச் செருப்பு மணலில் வரிசையாகக் கிடந்தது. இணைத் துணைத் தலைவர் ஷூ கயிற்றோடு மல்லுக்கட்டினார். சீதாராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். தான் மட்டும் செருப்போடு நிற்பது படத்தில் நன்றாக இருக்காது என்று பட்டது. கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய ஜீப் ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஈசா இறங்கினார். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் மெல்லிய பிரம்பு. வெறுங்காலோடு நின்ற நூறு பேரையும், சால்வை போர்த்திய தன் அப்பாவின் மரத்தையும், மஞ்சள் தலைத்துணிக்காரியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“யே க்யா ஹை? யார் இதுக்குப் பொறுப்பு?”

நூறு கை ஒரே திசையில் நீண்டது.

“சீதா, நீயா?” ஈசாவின் புருவம் உயர்ந்தது. “நாளைக்கு ஒரு வார்த்தை சொல்றேன்னே. ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே. சரி, இப்பவே சொல்லு. மரம் போகணுமா, இருக்கணுமா?”

போன்கள் உயர்ந்தன. எத்தனை கண்ணாடியில் தன் முகம் விழுகிறது என்று சீதாராமன் பார்த்தார். போய்ச் சேர வேண்டிய அத்தனை இடங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய முகம்!

“அர்பாப்!” என்றார் தன் ஹிந்தியில். ஹிந்திக்கும் அது புதிது. “இந்த மரம் என் உயிர்! இதன்மேல் கை வைப்பவன் முதலில் என்மேல் கை வைக்கட்டும்!”

“தலைவர் வாழ்க!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஈசா சிரிக்கவில்லை. “போன வாரம் வந்து மைனா, எச்சம், வெள்ளைக் கார், பார்க்கிங்னு அழுதது யாரு? உன் தம்பியா?”

ஆர்ப்பாட்டம் பாதியில் அறுந்தது. தலைவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார். “அது... மத்தவங்க சொன்ன குறை, அர்பாப். தலைவர்ங்கிற முறையில எடுத்துச் சொன்னேன்.”

“யாரு அந்த மத்தவங்க?”

சீதாராமனின் பார்வை சுரேஷ்குமாரைத் தாண்டி, ராஜிக்கைத் தாண்டி, இறங்க இடம் கிடைக்காத காக்கை போலச் சுற்றி, கடைசியில் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தது. “வீட்ல... லேடீஸுக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் அப்படி...”

ஈசா ஜெயபாரதி பக்கம் திரும்பினார். “நீயா? மரம் வேண்டாம்னு நீயா சொன்னே?”

நாலு நாள் கெஞ்சியவள் அவள். பட்டினி போட்டுப் பார்த்தவள் அவள். உண்மை முழுசாக நாக்கு நுனியில் நின்றது. ஒரே வாக்கியம் போதும். இந்த மனிதரைப் பேனரின் மூன்று கோலத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கீழே இறக்கிவிடலாம். நூறு சாட்சி, நூறு போன். அப்புறம்? அவமானப்பட்ட தலைவர், ஆமாம் நான்தான் சொன்னேன், மரம் போகட்டும் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டால்? வீம்பில் அவருக்கு நிகர் அவர்தான்.

ஜெப்தூவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் மரத்தில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அறிவுரை எதுவும் இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்ற ஆவல் மட்டும் இருந்தது.

ஜெயபாரதி பல்லைக் கடித்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

“ஆமா அர்பாப். நான்தான் சொன்னேன்” என்றாள். குரல் கடைசிச் செருப்பு வரைக்கும் கேட்டது. “புத்தியில்லாம சொல்லிட்டேன். இவர்தான் என்னை மாத்தினார். மரம் இருக்கணும்.”

ஈசா அவளைச் சற்று அதிக நேரம் பார்த்தார். அப்புறம் அவள் புருஷனைப் பார்த்தார். அவருக்கும் வீடு, மனைவி எல்லாம் உண்டு. வெள்ளைத் தாடிக்குள் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

“கலாஸ். மரம் இருக்கும். பார்க்கிங் மாஃபி, கிடையாது” என்று பிரம்பால் மணலில் ஒரு தட்டுத் தட்டினார். “இனி இதுல ஒரு கிளை ஒடிஞ்சாலும் சீதா, உன்னைத்தான் கேப்பேன்.”

கூச்சலில் மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஒரு வட்டம் போட்டு மறுபடி அமர்ந்தன. தலைவரைத் தூக்கிவிட்டார்கள். தியாகுவின் தோளில் ஒரு கால், இன்னொருவன் தோளில் ஒரு கால், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சீதாராமன் காற்றில் மிதந்தார். மிதந்தபடியே பேச ஆரம்பித்தார்.

“நண்பர்களே! என் மனைவி படித்தவள்தான். ஆனாலும் மரத்தின் அருமை அவளுக்கு இன்றுதான் விளங்கியிருக்கிறது. நான் அவளை மன்னிக்கிறேன்!”

கைத்தட்டல்.

“முழு மனதோடு மன்னிக்கிறேன்!”

இன்னும் பலத்த கைத்தட்டல். இரண்டாவது பஸ்காரர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவர்களுக்காக ஒரு முறை தனியாக மன்னித்தார்.

ஜெயபாரதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரத்துக்கு மறுபக்கம் போய், தண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ ஒன்று எகிறி எகிறிக் குதித்தது. அழுகை என்று நினைத்தாள். வாயைத் திறந்ததும் சிரிப்பாக வந்தது.

ஜெப்தூ பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து நீண்ட கால்களை மணலில் நீட்டினார். அந்தப் பக்கம் சொற்பொழிவு தலைவரின் இளமைப் பருவத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“இவர் பேச்சு எப்போ முடியும்?”

“முடியாது மேடம்.”

“அப்போ போய் ரெண்டு பிரியாணி எடுத்துட்டு வா. லெக் பீஸ் இருக்கிறதாப் பாரு.”